அம்புறோஸ் கட்சி மாறினார்

அம்புறோஸ் ஐபோன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அவருடைய மனைவி றெஜினாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிந்த பிறகுதான் யோசனை பிடித்தது.

ஏனென்றால் அம்புறோஸ் இந்த விஷயத்தில் லேசுப்பட்ட ஆள் இல்லை. மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கருக்குள் அன்ட்ரொயிட் கட்சி என்று ஒன்று இருந்திருந்தால் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்தான். எதிர்க்கட்சி, றெஜினாவின் அக்கா சிசிலியின் புருசன் மரியதாசன். பத்து வருடமாக இரண்டு பேருக்கும் இதே சண்டை. முதல்நன்மை விருந்தென்றாலும் சரி, செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் சாப்பாடென்றாலும் சரி, கறிச் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு போன்களையும் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் தட்டுவார்கள். எது முதலில் திறக்கிறது என்று பார்க்க ஒரு கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"கையை வைச்சாக் காணும், விரலோடையே வழுக்கிக்கொண்டு வருது பார்," என்பார் மரியதாசன். "உன்ரை போன் யோசிச்செல்லோ வருது."

"உங்கடை போன் நடிக்குது அண்ணை," என்பார் அம்புறோஸ். "உள்ளுக்கை ஒண்டும் தயாரில்லை. அதுக்கு முந்திப் பழைய படமொண்டைக் காட்டி, திறந்திட்டன் எண்டு உங்களைப் பேய்க்காட்டுது. என்ரை போன் சுணங்கினாலும் உண்மையைச் சொல்லும்."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வேதசாட்சியின் களை இருக்கும். ஒரு தடவை சார்ஜர் வயரைப் பற்றி மரியதாசன் ஏதோ நக்கலடித்தார் என்று அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுப் படியே மிதிக்கவில்லை. அப்படிப்பட்ட மனுசன் தபசுகாலத்து ஒரு சனிக்கிழமை, பனிச் சேற்றோடு கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒரு வெள்ளைப் பெட்டியை மேசையில் வைத்தார்.

"என்னப்பா இது?" என்று றெஜினா கேட்டாள்.

"சும்மாதான். நல்ல ஸ்மூத்தா வேலை செய்யுதெண்டு சொன்னாங்கள். எனக்கும் வயசு போகுது, கரைச்சல் இல்லாத போனொண்டு கையிலை கிடக்கட்டும் எண்டு வாங்கினனான்."

அதில்தான் றெஜினாவுக்குத் தட்டியது. வீட்டில் அம்புறோஸ் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லுகிற ஆள் இல்லை. இந்தப் பதில் எங்கேயும் தட்டாமல், முட்டாமல், மினுக்கி எடுத்துக்கொண்டு வந்த பதில். ஐபோனைப் பற்றி அவர் சொல்லுகிற அதே கதைதான். உள்ளுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாமலிருக்க முன்னால் ஒரு படத்தைக் காட்டுகிறார்.

அடுத்த நாள் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது மரியதாசன் விடுவாரா? "தபசுகாலத்துக்கு இறைச்சியை விட்டவையைக் கண்டிருக்கிறன், சாராயத்தை விட்டவையைக் கண்டிருக்கிறன். எங்கடை அம்புறோஸ் அன்ட்ரொயிட்டை விட்டிட்டான்," என்று சபை கூட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அம்புறோசும் சிரித்தார். அவர் கோபித்திருந்தால் றெஜினா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவர் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போனோடு கூடவே வந்தவை, காதுக்குள் செருகுகிற அந்த இரண்டு வெள்ளைச் சாமான்கள். எயர்பொட்டாம். மெத்ரோவில் போகிற பள்ளிக்கூடப் பெடியள் போட்டிருப்பதை றெஜினா கண்டிருக்கிறாள். அறுபதை எட்டிப் பிடிக்கிற ஒரு மனுசன் விடிய எழும்பிப் படுக்கப் போகும் வரைக்கும் அதைக் காதில் செருகிக்கொண்டு திரிவதை அப்போதுதான் காண்கிறாள்.

"என்ன கேக்கிறியள் நாள் முழுக்க?"

"பாட்டு."

"என்ன பாட்டு?"

"பழைய பாட்டு," என்றார்.

இதெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, றெஜினாவை உண்மையில் உலுக்கியது வேறொன்று. அவர்கள் இருப்பது கோட்-டெ-நெய்ஜில், மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ட். ஒரு முனையில் குசினி, மறுமுனையில் படுக்கையறை, நடுவில் ரயில்பெட்டி மாதிரி, நடந்து போகிற நீளமான ஓடை. அந்த முனையில் இருக்கிற அம்புறோசைக் குசினியிலிருந்து கூப்பிடுவதென்றால் மூன்று தரம் கூப்பிட வேண்டும். முதல் தரத்துக்குச் சத்தமே வராது. இரண்டாம் தரத்துக்கு "ஆ?" மூன்றாம் தரம் அவள் கத்தினால்தான் ஆள் அசையும். கலியாணம் கட்டினால் ஆம்பிளைகளின் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போவது உலகவழக்கம் என்று றெஜினா அதை விட்டுவிட்டாள். விட்டாள் என்றால், ஒவ்வொரு நாளும் பேசிப் பேசித்தான் விட்டாள்.

இப்போது ஒரு தரம் கூப்பிட்டால் போதும். வாயை மூட முந்தி, "ஓம், வாறன்," என்று பதில் வருகிறது. வருவதோடு நிற்கவில்லை, ஆளும் வருகிறார். குசினிப் பைப் சொட்டுகிறது என்று அவள் மாதக்கணக்காகச் சொன்னபோதெல்லாம், "எங்கை சொட்டுது? உமக்குத்தான் பிரமை," என்று சாதித்தவர், போன் வாங்கிய கிழமையே தானாகப் போய் அதைத் திருத்தினார். வேறொருத்தியென்றால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். றெஜினா அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

சிசிலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுசி. வருத்தமென்றால் சூப் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஆனால் அவளுடைய காதுக்குள் போனது, அடுத்த ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு வருவதற்கு முன்னால் பங்கில் பாதிப்பேருக்குப் போய்விடும். றெஜினாவுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டும் ஒவ்வொரு நாளும் பின்னேரம், வேலையால் வந்து அடுப்பைப் பற்றவைத்ததும், அக்காவுக்கு எடுத்து எல்லாவற்றையும் கொட்டுவாள். கொட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஆம்பிளை ஒருத்தன் திடீரெண்டு கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தானெண்டால், எங்கையோ ஏதோ பிழைச்சுப் போச்செண்டு வை," என்றாள் சிசிலி. "கண்ணை முழிச்சுக்கொண்டு இரு றெஜி. இந்த நேரத்திலை கதை வெளியிலை போனால் சர்மிளாவின்ரை விஷயம் என்னாகும்?"

அதுதான் றெஜினாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மகள் சர்மிளா ஒட்டாவாவில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ரொக்ஸ்பரோவில் இருக்கிற டிலக்ஷன் என்ற பெடியனுக்கும் பேச்சு நடக்கிறது. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி வருவதாக ஏற்பாடு. பெடியனின் தாய் அந்தக் காலத்து மனுசி. பெண் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், யார் எங்கே யாரோடு திரிந்தது என்று மூன்று தலைமுறைக்குக் கிண்டி எடுக்காமல் சம்மதம் சொல்லமாட்டாள். அவளும் சிசிலியும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள்.

றெஜினா கண்ணை முழித்துக்கொண்டிருந்தாள். அம்புறோசின் போனை எடுத்துப் பார்க்கலாமென்றால் அது அவருடைய முகத்துக்குத்தான் திறக்குமாம். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் ஒரு தரம் ஆடி, மாட்டேன் என்று தலையாட்டுவது போல் நின்றது. அதுவும் எவ்வளவு வடிவாக ஆடியது. இவ்வளவு நளினமாக ஒருத்தியை வெளியே நிறுத்த முடியுமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அம்புறோஸ் வேலையால் வந்து, அறைக்குள் போய்ச் சாய்ந்துவிட்டார். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் விடியப்புறம் தொடங்குகிற வேலை. போனைக் குசினியில், சீனி போட்டு வைக்கிற பேணிக்குப் பக்கத்தில் விட்டிருந்தார். மறந்துபோய் விட்டார் என்று றெஜினா நினைத்தாள். வெங்காயத்தை உரித்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் தன்னுடைய போனை இடுக்கிக்கொண்டு அக்காவோடு கதைத்தாள். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நல்ல அலைச்சல். வெங்காயமும் கண்ணைக் கரித்தது.

"அந்தாளுக்கு ஆரோ இருக்கு அக்கா. எனக்கு வடிவாத் தெரியும். இருந்தா இருந்திட்டுப் போகட்டும். இவளின்ரை கலியாணம் ஒப்பேறினாக் காணும் எனக்கு. பேந்து நான் உன்னட்டை வந்திடுவன். இவ்வளவு காலமும் இந்த மனுசனோடை நான் கதைச்சது சுவரோடை கதைச்ச மாதிரி. ஒரு நாள், ஒரு சொல்லு, நான் சொன்னதை இந்தாள் கேட்டதெண்டு இருக்கோ? சுவருக்குப் பக்கத்திலை படுத்தெழும்பினதும் இந்தாளுக்குப் பக்கத்திலை படுத்தெழும்பினதும் எனக்கு ஒண்டுதான்."

சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி சிசிலிக்காகச் சொன்னது. அவ்வளவு ருசித்துக் கேட்கிற ஒருத்திக்குச் சின்னக் கவலையாகச் சொல்ல வாய் வராது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும்.

அன்றிரவு அம்புறோஸ் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். தன்னுடைய கோப்பையைத் தானே கழுவி வைத்தார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் கோப்பை கழுவி அவள் கண்டதில்லை. அதையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தாள். அந்தப் போன் மறதியாகக் குசினிக்கு வருவதில்லை. அவர் அறைக்குள் போகும்போதெல்லாம் அது சீனிப் பேணிக்குப் பக்கத்தில் வந்து குந்துகிறது. அவள் சோபாவில் இருந்தால் சோபாக் கையில் கிடக்கிறது. அவர் மட்டும் வேறெங்கோ இருப்பார், காதில் அந்த வெள்ளைச் சாமானோடு. அவள் மெல்ல அதன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. ஆனால் மேலே, நேரம் காட்டுகிற பக்கத்தில், ஒரு செம்மஞ்சள் பொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அம்புறோஸ் வெளியே காரைத் துடைக்கப் போன நேரம் பார்த்து, "அத்தான், இந்தப் போனிலை மேலை ஒரு செம்மஞ்சள் பொட்டு வருமே, அது என்ன?" என்று ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டாள்.

ஐபோனைப் பற்றி யாராவது கேட்டால் மரியதாசனுக்குப் பசி எடுக்காது. "அதோ? அது மைக் வேலை செய்யுதெண்டு அர்த்தம். ஆரோ கேட்டுக்கொண்டிருக்கினம் எண்டு. எங்கடை போன் ஒண்டையும் ஒளிக்காது பார், சொல்லிப்போடும்," என்றார்.

றெஜினா கோப்பையை மூடிவைத்துவிட்டு எழும்பினாள். காரில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த புருசனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்படியென்றால் இவருக்கு யாரும் இல்லை. இவர்தான் தன்னைச் சந்தேகப்படுகிறார். ஒட்டுக் கேட்கிறார். எதை? அவள் தன்னுடைய சீவியத்தைத் தலைகீழாகக் கொட்டித் தேடிப் பார்த்தாள். சந்தேகப்படுவதற்கு ஒரு ஆம்பிளையும் அகப்படவில்லை. அவள் ஓடிவருவதைக் கண்டால் பஸ்ஸை நிறுத்தி வைத்து "பொன்ஜூர் மதாம்" சொல்லுகிற அந்த ஹெய்ட்டி சாரதி ஒருவன்தான் மிஞ்சினான். அவனுக்கு அவளைவிட வயது குறைவு, பாவம். அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணீரே வந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் பொறி வைத்தாள்.

அம்புறோஸ் அறைக்குள், கதவு சாத்தியிருந்தது. போன் சீனிப் பேணிக்குப் பக்கத்தில், பொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. உலையில் சோறு கொதித்தது. குளிர்பெட்டிக்குள் பிரிக்காத பால் பை ஒன்று முழுதாக இருந்தது. றெஜினா சுவரைப் பார்த்துக்கொண்டு, செபமாலை சொல்லுகிற குரலை விட மெல்லிய குரலில், "பால் முடிஞ்சு போச்சு. தேத்தண்ணிக்கு ஒரு சொட்டும் இல்லை," என்று முணுமுணுத்தாள்.

அந்த முனையில் கதவு திறந்தது. அம்புறோஸ் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து, போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "மூலையிலை இருக்கிற டெப்பனர் கடைக்கு ஒருக்காப் போட்டு வாறன். பால் கீல் ஏதும் வேணுமோ?"

"வாங்கிக்கொண்டு வாங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

அவர் வந்து பாலை மேசையில் வைத்தார். பழக்கத்தில் போனைப் பேணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உடுப்பு மாற்ற அறைக்குப் போனார். றெஜினா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கழட்டுங்கோ."

"என்னத்தை?"

"காதிலை கிடக்கிறதை. கழட்டித் தாங்கோ இஞ்சை."

அவருடைய முகம் வெளிறியது. அந்த முகமே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாக அவளுக்குப் பட்டது. இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துத் தன் காதில் செருகினாள். இதற்குள் அவர் எதை ஒட்டுக் கேட்கிறார் என்று இன்றைக்குப் பார்த்துவிடுவது.

யாரும் கதைக்கவில்லை. தடதடவென்று ஒரு பெரிய சத்தம் காதுக்குள் விழுந்து அவள் திடுக்கிட்டாள். கோவில் மணிக்குப் பக்கத்தில் நிற்பது போல் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்ட பிறகுதான் பிடிபட்டது. சோற்றுப் பானையின் மூடி துள்ளுகிற சத்தம். அதற்குப் பின்னால் குளிர்பெட்டியின் உறுமல். அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஆளில்லாத தன்னுடைய குசினியை.

"என்ன இது?" என்று கேட்டாள்.

அம்புறோஸ் அவளுடைய வாயைப் பார்த்தார். "ஆ?"

"இது என்னெண்டு கேக்கிறன்."

அவர் புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் குனிந்து, தலையை ஒரு பக்கம் சரித்தார். "என்ன சொல்லுறீர்?"

இந்தச் சரிப்பை, இந்தக் குனிவை, இந்த "ஆ"வை அவள் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறாள். அலட்சியம் என்று பேர் வைத்திருந்தாள். இப்போது அவருடைய கண்ணைப் பார்த்தாள். தண்ணீருக்குள் நின்று கரையில் இருப்பவரைப் பார்க்கிற கண்.

அவருடைய கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினாள். இரண்டையும் திரும்ப அவருடைய காதில் போடச் சொல்லிக் கையால் காட்டினாள். போன் இரண்டு பேருக்கும் நடுவில் உப்புப் பேணி மாதிரிக் கிடந்தது.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போனது. இவ்வளவு காலமும் அந்தக் குசினி இரைச்சலுக்கை நிண்டதாலையும் இருக்கலாமாம், பரம்பரையாவும் இருக்கலாமாம். டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்." மேசையை விரலால் தேய்த்தார். "காது கேக்கிறதுக்குப் போடுற அந்த மற்ற மிசின் காதுக்குப் பின்னாலை தெரியும். கோவிலிலை எல்லாரும் காணுவினம். இதை ஊரிலையுள்ள பெடியள் எல்லாம் போட்டிருக்கிறாங்கள், ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம். ஆனா இதுக்கு ஐபோன் வேணும். போனை எங்கை வைக்கிறமோ அங்கை கதைக்கிறது இதுக்குள்ளை கேக்கும்."

"அதுக்கு ஏன் குசினியிலை கொண்டந்து வைச்சனீங்கள்?"

"நீர் இஞ்சை நிண்டுதானே கூப்பிடுறது."

றெஜினா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து இருந்தாள்.

"அப்புவை ஊரிலை என்னெண்டு கூப்பிட்டவை எண்டு உமக்குத் தெரியும்," என்றார் அவர். தெரியும். அவருடைய தகப்பனுக்கு ஊர் வைத்த பெயர், செவிட்டுச் சவிரி. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அம்புறோசின் அக்காவுக்கு வந்த சம்மந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. "ரொக்ஸ்பரோக்காரி வந்து கிண்டேக்கை இது வெளிக்கிட்டுதெண்டால் பிள்ளையின்ரை கதை என்ன? அதுதான் மரியதாசண்ணை என்ன சொன்னாலும் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். தோத்துப் போனன் எண்டு நினைக்கட்டும்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று அவள் இரண்டாம் தரம் கேட்க வாய் எடுத்தாள்.

"உமக்குச் சொன்னா அக்காவுக்குச் சொன்ன மாதிரி," என்றார். குரலில் கோபம் இல்லை. "அக்காவுக்குச் சொன்னாக் கோவிலிலை அறிக்கை வாசிச்ச மாதிரி."

"சர்மிளாவுக்குத் தெரியுமோ?"

"அவள்தான் எல்லாம் வாங்கித் தந்தவள். டிலக்ஷனுக்கும் சொல்லிப்போட்டாளாம். அவன் தன்னட்டைப் பழைய சோடியொண்டு கிடக்கு, மாமாவுக்கு மாத்துக்குத் தரட்டோ எண்டு கேட்டவனாம். தாய்க்காரிக்குத்தான் தெரியக்கூடாது."

மகளுக்குத் தெரியும். இன்னும் மருமகனாகாத பெடியனுக்கும் தெரியும். அந்த ஓடையின் இந்த முனையில் நிற்கிற அவளுக்கு மட்டும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து அவளை வெளியே விட்டிருக்கிறார்கள். அதுவும் நியாயத்தோடுதான் விட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குச் சுட்டது.

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. வெங்காயம், சீனிப் பேணி, பேணிக்குப் பக்கத்தில் இந்தப் போன்.

"அண்டைக்கு நான் அக்காவோடை கதைக்கேக்கை..."

"கேட்டனான்."

"எதை?"

"முழுக்க," என்றார் அம்புறோஸ். "கன காலத்துக்குப் பிறகு உம்மடை குரல் எனக்கு வடிவாக் கேட்டது அண்டைக்குத்தான்."

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு நல்ல சாமானைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். அதனால்தான் அவளால் அழக்கூட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அக்கா. பின்னேரத்து நேரம் தவறாமல் எடுக்கிறாள். அம்புறோஸ் மெல்ல எழும்பி, கேட்காமல் இருப்பதற்காகத் தன்னுடைய போனை எடுக்கக் கையை நீட்டினார். றெஜினா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். அது அங்கேயே கிடக்கட்டும். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, ஓடை வழியே அறைக்குப் போனார்.

"என்னடி, ஏதும் பிடிபட்டுதோ?" என்றாள் சிசிலி.

"என்னத்தைப் பிடிபடுறது? எல்லாம் என்ரை விசர்," என்றாள் றெஜினா. குரல் தட்டாமல் முட்டாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தாளுக்குப் புதுப் போன் பைத்தியம் பிடிச்சிருக்கு. பழைய பாட்டெல்லாம் தேடித் தேடிக் கேக்கிறார். அத்தானட்டைச் சொல்லு, ஐபோன்தான் திறமெண்டு இவர் ஒத்துக்கொண்டிட்டாரெண்டு."

சிசிலி ஒரு கதைக்கு உடனே பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

"றெஜி, நீ என்னட்டை எதையோ ஒளிக்கிறாய்."

"நானோ? உன்னட்டையோ?"

"ஓம், நீதான். எனக்கு உன்ரை குரல் தெரியாதே?"

"சோறு அடிப்பிடிக்கப் போகுது அக்கா, பேந்து எடுக்கிறன்," என்று வைத்துவிட்டாள். வருகிற ஞாயிறு மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு மேலால் எல்லாரும் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும். அக்காவுக்குச் சொல்லாத ஒரு விஷயம் நெஞ்சுக்குள் கிடந்து முட்டியது. இவ்வளவு காலமும் அந்த மனுசன் இப்படி முட்டவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

போனின் மேல் பொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. றெஜினா அதற்குக் கிட்டக் குனிந்தாள். நேருக்கு நேர் சொல்ல வாய் வராததை அதற்குச் சொன்னாள்.

"அண்டைக்கு நான் சொன்னதிலை பாதி, அக்கா கேக்கிறாளெண்டு சொன்னது."

பதில் வரவில்லை. மற்ற நாளென்றால் இதற்குள் இரண்டு தரம் கூப்பிட்டிருப்பாள். அவருக்குக் கேட்டது என்று இன்றைக்கு அவளுக்குத் தெரியும். பானை மூடி இரண்டு தரம் துள்ளி அடங்கியது.

"மற்றப் பாதி?" என்று அந்த முனையிலிருந்து அம்புறோசின் குரல் வந்தது.

றெஜினாவுக்கு மினுக்கின பதில் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு அடுப்பை நூர்த்தாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடை வழியே அறைக்கு நடந்தாள்.